களைக்கொல்லி வடியும் திசை: கடைமடை நிலமும் தலித் உழைப்பாளர்களும்

எக்டேருக்கு 1.25 கிலோ பியூட்டாகுளோர். அதை 50 கிலோ உலர் மணலில் கலக்க வேண்டும். நடவு செய்த மூன்றாம் நாள், மெல்லிய நீர்ப் படலம் நிற்கும் வயலில் சீராகத் தூவ வேண்டும். அடுத்த இரண்டு நாள்களுக்கு வயலின் நீரை வடிக்கக் கூடாது. நெல் வயலில் களைக்கொல்லி இடுவதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் பரிந்துரைகளுள் இது ஒன்று. காவிரிப் படுகையின் உழவர்கள் பலருக்கும் இது மனப்பாடம்.

இப்பரிந்துரை இரண்டு செய்திகளைச் சொல்லாமலே முடிவு செய்துகொள்கிறது. ஒன்று, இரண்டு நாள்கள் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு அந்த வயலுக்கு உண்டு என்பது. மற்றொன்று, மணலைக் கலந்து தூவும் கை ஒன்று எப்போதும் கிடைக்கும் என்பது. அந்தக் கை யாருடையது, அதில் உறை உண்டா, அந்த நீரில் நிற்கும் கால்கள் யாருடையவை என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை.

மயிலாடுதுறை மாவட்டத்தின் தரங்கம்பாடி வட்டத்தை மனத்தில் வைத்து இக்கேள்விகளை நாம் எழுப்புகிறோம். வீரசோழனாறு, மஞ்சளாறு போன்ற காவிரியின் கிளைகள் கடலை நெருங்கும் கடைமடைப் பகுதி அது. மேலே உள்ள வயல்களைக் கடந்து வரும் நீர்தான் அங்கே பாசன நீர். மழைக்காலத்தில் அதுவே வடிகால் நீர். களைக்கொல்லி மண்ணில் எப்படி நகர்கிறது, எங்கே தங்குகிறது என்பது வேதியியல் கேள்வி. அது யாருடைய உடலில், யாருடைய குளத்தில் போய் முடிகிறது என்பது சமூகக் கேள்வி. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே நம் வாதம்.

களை எடுப்பு எங்கே போயிற்று?

நடவு வயலில் இரண்டு முறை கையால் களை எடுப்பது பழைய வழக்கம்: நடவு செய்து பதினைந்து, இருபது நாள்களில் ஒன்று, முப்பத்தைந்து நாள்களுக்குப் பிறகு மற்றொன்று. அவ்வேலையைச் செய்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்; அவர்களுள் பெரும்பகுதியினர் தலித் பெண்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்திலும் திருவாரூர் மாவட்டத்திலும் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். நடவு, களை, அறுப்பு என்னும் மூன்று வேலைகளே அக்குடும்பங்களின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானித்தன. அறுப்பை எந்திரம் எடுத்துக்கொண்டது. நேரடி விதைப்பும் நடவு எந்திரமும் நடவைக் குறைத்தன. எஞ்சியிருந்த களை எடுப்பைக் களைக்கொல்லி எடுத்துக்கொண்டது.

நேரடி விதைப்புக்கும் களைக்கொல்லிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நட்ட வயலில் நாற்று முன்னமே வளர்ந்திருக்கும். தேங்கிய நீர் களை விதைகளின் முளைப்பை அடக்கும். நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கின்றன. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா, திறந்தாலும் நீர் கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்ற நிச்சயமின்மையே பலரையும் நேரடி விதைப்புக்குத் தள்ளியது. ஆகவே நீர்ப் பற்றாக்குறையும் களைக்கொல்லியின் ஒரு காரணம். நீர் கடைசியாக வரும் ஊரில் இக்காரணம் கூடுதல் வலுப் பெறுகிறது.

களை எடுப்போடு போனது கூலி மட்டுமன்று. வேளாண் நூல்களின் களைப் பட்டியலில் உள்ள ஆரையும் கரிசலாங்கண்ணியும் உழைப்பாளர் வீட்டில் கீரை. களை எடுக்கப் போனவர்கள் மடியில் கீரையும், மாட்டுக்குப் புல்லும், வரப்போரத்து நண்டும் நத்தையும் கொண்டு திரும்பினார்கள். நிலம் இல்லாதவர்களுக்கு அந்த நிலத்திலிருந்து கூலிக்கு அப்பால் கிடைத்த உணவு அது. பியூட்டாகுளோர் மீன்களுக்குக் கடும் நஞ்சு என்பது நன்கறியப்பட்டது. வயலிலிருந்து வாய்க்காலுக்கு அது இறங்கும்போது, கெண்டையும் குரவையும் பிடித்து உண்ட குடும்பங்களின் உணவே பாதிக்கப்படுகிறது.

மண்ணில் அது எப்படி நகர்கிறது?

வயலில் விழுந்த களைக்கொல்லிக்கு நான்கு வழிகள் உண்டு. மண் துகளோடு ஒட்டிக்கொள்ளலாம். நீரோடு மேற்பரப்பில் வழிந்தோடலாம். மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கலாம். நுண்ணுயிர்களாலும் வெயிலாலும் நீராலும் சிதையலாம். எந்த மருந்து எவ்வழியை மிகுதியாகப் பின்பற்றும் என்பதை மருந்தின் இயல்பும் மண்ணின் இயல்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

2,4-டி மண்ணோடு வலுவாக ஒட்டாது. நீர் போகும் இடமெல்லாம் போகும். காற்றோட்டமுள்ள மண்ணில் விரைவாகச் சிதையும் அது, நீர் தேங்கி உயிர்வளி குறைந்த மண்ணில் கூடுதல் காலம் நீடிக்கும். கிளைபோசேட் இதற்கு நேர்மாறானது. மண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடு இறுகப் பற்றிக்கொள்ளும். பாஸ்பேட்டும் அதே இடங்களையே பற்றுவதால், பாஸ்பேட் உரம் மிகுதியாக இடப்படும்போது சில மண்களில் கிளைபோசேட் மீண்டும் விடுபட வாய்ப்புண்டு. அது சிதைந்து உருவாகும் ‘ஆம்பா’ என்னும் பொருள் மண்ணில் இன்னும் நீண்ட காலம் தங்கும். பாராகுவாட் களிமண்ணின் அடுக்குகளுக்குள் நுழைந்து ஏறக்குறைய நிலையாகவே சிறைப்படும். அதன் எச்சம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

‘ஒட்டிக்கொண்டால் ஆபத்தில்லை’ என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மையே. மருந்து மண்ணோடு ஒட்டுகிறது. மண் நகராமல் இருக்கிறதா? சேறு கலங்கிய வடிகால் நீரில் போவது அதே களிமண்தான். மருந்தைச் சுமந்துகொண்டு அது வாய்க்காலின் அடியிலும் குளத்தின் அடியிலும் படிகிறது.

டெல்டாவின் களிமண்ணில், சேற்றுழவினால் உண்டாகும் இறுகிய அடிப்படலம் நீரைக் கீழே விடாது. அங்கே மருந்தின் முதன்மையான வழி மேற்பரப்பு வழிதான். ஆனால் கோடையில் அதே களிமண் ஆழமாக வெடித்துக் கிடக்கும். முதல் மழையோ முதல் மடைநீரோ வரும்போது வெடிப்புகள் வழியாக நேராக இறங்கும். தரங்கம்பாடியின் கடலோரப் பட்டையில் மண் மணற்பாங்கானது. நிலத்தடி நீர் ஆழமின்றிக் கிடைக்கும். மணலில் ஒட்டிக்கொள்ளக் களியும் இல்லை, மட்கும் இல்லை. எளிதில் கரையும் மருந்துகள் அங்கே ஆழமில்லாக் கைப்பம்பு நீரை எட்டுவதற்கான தடை மிகக் குறைவு.

சேர்வது எப்படி?

‘சில வாரங்களில் சிதைந்துவிடும்’ என்பதும் அடிக்கடி கேட்கும் சமாதானம். இதைப் புரிந்துகொள்ள எளிய கணக்கு ஒன்று போதும். ஒரு மருந்தின் அளவு பாதியாகக் குறைய 30 நாள்கள் ஆகும் என்று கொள்வோம். 1.25 கிலோ இட்டால் 120 நாள்களுக்குப் பிறகு பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 78 கிராம் எஞ்சும். அடுத்த போகத்தில் இடுவது அதன் மேல் சேரும். இங்கே சேர்மானம் சிறிது. ஒரு கட்டத்தில் நிலைத்துவிடும். ஆனால் பாதியாகக் குறைய ஓராண்டு ஆகும் மருந்தை ஆண்டுக்கு ஒரு முறை இட்டால் நிலைமை வேறு. இரண்டாம் ஆண்டு மருந்திடும் முன்பே முதல் ஆண்டின் பாதி இருக்கும்; மூன்றாம் ஆண்டில் முக்கால் பங்கு; நாளடைவில், மருந்திடும் முன்பே ஒரு முழு அளவு மண்ணில் காத்திருக்கும். நீர் தேக்கம், குறைந்த மட்கு, உவர்த்தன்மை ஆகிய ஒவ்வொன்றும் இந்தப் பாதிக் காலத்தை மாற்றக்கூடியவை. புட்டியில் ஒட்டிய தாளில் உள்ள எண் கடைமடை மண்ணின் எண் அன்று.

எச்சம் சிறிதாயினும் விளைவு சிறிதென்று கருத முடியாது. சல்போனைல்யூரியா வகைக் களைக்கொல்லிகள் எக்டேருக்குச் சில கிராம் அளவிலேயே வேலை செய்பவை. அமில மண்ணில் விரைவாகவும் களர்த்தன்மை கொண்ட மண்ணில் மெதுவாகவும் சிதைபவை. சம்பா அறுப்புக்கு முன்பே ஈர மண்ணில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பது டெல்டாவின் வழக்கம். நெல் தாங்கிக்கொள்ளும் எச்சத்தைப் பயறு தாங்க வேண்டும் என்பதில்லை. குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்யும் தலித் உழவர் ஒருவருக்குப் பயறு பொய்த்தால், காரணம் முந்தைய போகத்தில் இட்ட மருந்தா, உப்பா, பனியா என்று சொல்ல அவரிடம் எந்தச் சான்றும் இருக்காது.

கடைமடையில் சேரும் இரண்டு சுமைகள்

சம்பா, தாளடிக் களைக்கொல்லிக் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இரண்டு நாள்கள் நீரை வடிக்காதே என்பது பரிந்துரை; வானம் அதைக் கேட்பதில்லை. 2022 நவம்பர் 12இல் முடிந்த ஒரே நாளில் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டியது. மயிலாடுதுறை மாவட்டத்தின் கடலோர வயல்கள் நீரில் மூழ்கின. அத்தகைய நாள்களில் மேல்நிலத்து வயல், கீழ்நிலத்து வயல், வாய்க்கால், குளம், குடியிருப்பு என்ற எல்லைகள் அழிந்துபோகின்றன. எல்லா வயல்களின் நீரும் ஒரே நீராகிக் கிழக்கே இறங்குகிறது. முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைந்திருந்தால் நாள்கணக்கில் தேங்குகிறது.

எந்தக் குடியிருப்பில் அது முதலில் தேங்குகிறது? மேட்டு நிலம் கோயிலுக்கும் அக்கிரகாரத்துக்கும் ஊருக்கும். வயலை ஒட்டிய பள்ளமும் வடிகால் கரையும் சேரிக்கு. டெல்டாக் கிராமங்கள் பலவற்றின் அமைப்பு இதுதான். சாதி வகுத்த இந்த நில அமைப்பு பியூட்டாகுளோர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. மருந்து புதிதாக எந்த வழியையும் கண்டுபிடிக்கவில்லை. நீருக்காகச் சாதி வெட்டி வைத்த வழியிலேயே அது போகிறது.

முதல் சுமை இவ்வாறு குடியிருப்பில் சேர்கிறது. இரண்டாவது வேலையில் சேர்கிறது. மருந்து கலந்த மணலைத் தூவுபவர் கூலித் தொழிலாளி. முதுகில் தெளிப்பானைச் சுமந்து நடப்பவரும் கூலித் தொழிலாளி. தூவிய சில நாள்களில் அதே வயலில் இறங்கி, நடவு தப்பிய இடங்களில் நாற்று ஊன்றுபவர்கள் பெண்கள். மருந்துக்குப் பிறகும் எஞ்சிய களையை முப்பதாம் நாளில் எடுப்பவர்களும் அவர்களே. கணுக்கால் வரை அவர்கள் நிற்கும் நீரைப் பற்றி எந்தப் பதிவேடும் பேசுவதில்லை.

அளப்பவை எவை, அளக்காதவை எவை?

2015இல் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பட்டது. தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய சத்துகளும், கார அமில நிலை, மின்கடத்து திறன், கரிமக் கரி ஆகியவையுமாக 12 அளவுகளை அது தருகிறது. களைக்கொல்லி எச்சம் அவற்றுள் இல்லை. அட்டையோ நிலத்தைப் பயிரிடும் உழவருக்குத் தரப்படுவது. அந்த மண்ணில் ஆண்டுக்கு எத்தனையோ நாள்கள் நிற்கும் தொழிலாளிக்கு அதில் பெயரும் இல்லை, பார்க்கும் உரிமையும் இல்லை.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 10500 உண்டு. 2012 பதிப்பின்படி ஒரு லிட்டர் நீரில் பியூட்டாகுளோர் 125 மைக்ரோகிராம் வரையிலும், 2,4-டி 30 மைக்ரோகிராம் வரையிலும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி மருந்து ஒன்றுக்குப் பொதுவான வரம்பு 0.1 மைக்ரோகிராம். பியூட்டாகுளோரைப் பொறுத்தவரை நம் வரம்பு அதைவிட 1,250 மடங்கு. ஐரோப்பிய எண் ஒவ்வொரு மருந்தின் நச்சையும் தனித்தனியே அளந்து வைத்த எண் அன்று; குடிநீரில் இவை இருக்கவே கூடாது என்னும் கொள்கையின் வெளிப்பாடு அது. நம் எண் எவ்வளவு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்னும் கேள்விக்கு விடை. இவ்விரண்டு அணுகுமுறைகளின் வேறுபாட்டைத்தான் நாம் சுட்டுகிறோம். அத்துடன், கிளைபோசேட்டும் பிரிட்டிலாகுளோரும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாததைச் சோதிக்க வேண்டிய கட்டாயம் எந்த ஆய்வகத்துக்கும் இல்லை.

சட்டத்தின் கதை

2020 மே மாதம் ஒன்றிய வேளாண் அமைச்சகம் 27 மருந்துகளைத் தடை செய்வதற்கான வரைவு ஆணையை வெளியிட்டது. பியூட்டாகுளோர், 2,4-டி, பெண்டிமெத்தலின், ஆக்சிபுளோர்பென் ஆகிய களைக்கொல்லிகள் அதில் இருந்தன. 2023இல் இறுதி ஆணை வந்தபோது டைகோபால், டைனோகேப், மெத்தோமில் ஆகிய மூன்றுக்கே முழுத் தடை விதிக்கப்பட்டது. வரைவில் இருந்த களைக்கொல்லிகளுள் ஒன்றும் அந்த மூன்றில் இல்லை. மக்களுக்கும் விலங்குகளுக்கும் ஆபத்து என்று அரசே எழுதிய காரணங்கள் மூன்றாண்டுகளில் எங்கே போயின?

கிளைபோசேட்டை உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் 2ஏ பிரிவில் வைத்தது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டு இயக்குநர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று ஆணையிட்டது. வரப்பில் தெளிக்கும் கூலித் தொழிலாளி அந்த ஆணையில் எங்கே இருக்கிறார்? கேரளத்தில், 2019 ஜனவரியில் திருவல்லா அருகே நெல் வயலில் பூச்சி மருந்து தெளித்த இரண்டு தொழிலாளர்கள் இறந்தனர். அடுத்த மாதமே அம்மாநில அரசு கிளைபோசேட்டைத் தடை செய்தது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், பாசன நெல் வயல்களில் உழைப்போரிடையே காரணம் துலங்காத சிறுநீரக நோய் பரவியது. அந்நாடு 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இரப்பருக்கும் தளர்த்தியது. நோய்க்குக் காரணம் அதுதானா என்ற அறிவியல் விவாதம் முடியவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்பதில் விவாதமே இல்லை: வயல் நீரில் நின்று, வயலருகே கிணற்று நீரைக் குடித்த ஏழை உழவர்களும் தொழிலாளர்களும்.

நம் நாட்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் இயற்றப்பட்டது. களைக்கொல்லிகளும் அதன் கீழ்தான் வருகின்றன. மருந்தைக் கையாள்பவருக்கும் தெளிப்பவருக்கும் பாதுகாப்பு உடை, பயிற்சி, முதலுதவி வேண்டும் என்று 1971 விதிகள் சொல்கின்றன. அச்சட்டம் நிறைவேறிய அதே 1968இல்தான், டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்டதே அம்மக்கள் செய்த ‘குற்றம்’. உள்ளூர் ஆள் கூலி கேட்டால் வெளியூர் ஆளை இறக்குவது அன்றைய மிராசுதார்களின் வழி. அந்தக் கொடுமையையும் களைக்கொல்லியையும் நாம் சமமாக்கவில்லை. ஆனால் கூலி பேசும் வலிமையை உழைப்பாளரிடமிருந்து பறிப்பது என்ற நோக்கு, எந்த வடிவிலும் டெல்டாவுக்குப் புதிதன்று.

‘ஆள் கிடைப்பதில்லை’

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஆள் கிடைக்காததால்தான் களைக்கொல்லி என்கிறார்கள் உழவர்கள். அதில் உண்மை உண்டு. இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். களை எடுப்பு முதுகை ஒடிக்கும் வேலை. தம் மகள்கள் அதற்குத் திரும்ப வேண்டும் என்று எந்தத் தாயும் விரும்புவதில்லை. நாமும் விரும்பவில்லை. இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த தலித் உழவரும் செலவைக் குறைக்கக் களைக்கொல்லியையே நாடுகிறார். அவரைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று.

ஆனால் ‘ஆள் இல்லை’ என்பதற்குள் ‘இந்தக் கூலிக்கு ஆள் இல்லை’ என்பது ஒளிந்திருக்கிறது. வேலை எளிதாவதற்கும் வேலையே பறிபோவதற்கும் வேறுபாடு உண்டு. செம்மை நெல் சாகுபடியின் கோனோவீடர் கருவி முதுகை வளைக்காமல் களையை மண்ணோடு அமிழ்த்துகிறது. அதைப் பெண்கள் இயக்குவதற்கு ஏற்ற எடையில் செய்து, அவர்களின் குழுக்களுக்கே உடைமையாக்கி, உரிய கூலியும் தந்தால் ஆள் கிடைக்கமாட்டாரா? இக்கேள்வியைக் கேட்காமலே கொள்கை வேறு திசையில் போகிறது. 2021இல் இமாசெத்தபிர் களைக்கொல்லியைத் தாங்கும் இரண்டு பாசுமதி நெல் வகைகள் நேரடி விதைப்புக்காக வெளியிடப்பட்டன. அவை டெல்டாவுக்கானவை அல்ல. ஆயினும், நாளைய நெல் களைக்கொல்லியைச் சார்ந்தே வளர வேண்டும் என்ற திசையை அவை காட்டுகின்றன.

என்ன கேட்க வேண்டும்?

காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020 சட்டம், ஹைட்ரோகார்பன் போன்ற திட்டங்களிலிருந்து நிலத்தைக் காக்க வந்தது. மக்கள் போராடிப் பெற்ற சட்டம் அது. நிலத்துக்குள் ஊறும் நஞ்சிலிருந்தும், அந்நிலத்தில் உழைப்பவரைக் காப்பதற்கும் அடுத்த அடி தேவை.

கடைமடை வட்டங்களில் மண், வாய்க்கால் படிவு, குளம், கைப்பம்பு நீர் ஆகியவற்றில் களைக்கொல்லி எச்சம் ஆண்டுக்கு இருமுறையாவது சோதிக்கப்பட வேண்டும். சம்பா மருந்துக் காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. சோதனை தலித் குடியிருப்புகளின் நீர்நிலைகளில் தொடங்க வேண்டும். முடிவுகள் கிராம சபையில் தமிழில் படிக்கப்பட வேண்டும். மருந்து இட்ட நாளையும் பெயரையும் வயலில் இறங்கும் தொழிலாளிக்கு அறிவிப்பது கட்டாயமாக வேண்டும். 1971 விதிகள் சொல்லும் பாதுகாப்பு உடையும் பயிற்சியும் யாருக்கு, எத்தனை பேருக்குக் கிடைத்தன என்பதை மாவட்ட நிருவாகம் வெளியிட வேண்டும். களை எடுப்பில் இழந்த வேலைநாள்களுக்கு ஈடாக, வாய்க்கால், குளம் மீட்புப் பணிகளில் அப்பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

இவற்றுள் முதல் வேலையைக் கல்லூரி மாணவர்களே தொடங்கலாம். தம் ஊர் கைப்பம்பு நீரில் 10500 தரத்தின் மருந்துப் பட்டியல் முழுமையாகச் சோதிக்கப்பட்டதா, எப்போது, முடிவு என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போதும். வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவர் தம் தாய் இறங்கி நின்ற வயலின் மண்ணைத் தம் ஆய்வுப் பொருளாக எடுக்கலாம். வயலின் மேலாளர்களுக்காக எழுதப்பட்ட அறிவியலை, வயலில் நிற்பவர்களுக்காகவும் நாம் எழுதத் தொடங்க வேண்டும்.